விளக்கும் வெள்ளியும்

பள்ளி விளக்குகளை மாற்றுவது வீண்செலவன்றோ எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். பாட்டாளிகள் வியர்வை சிந்தி ஈட்டிய நன்கொடையைக் காக்க விழையும் அவ்வினாவை நாம் மதிக்கின்றோம்.

36 வாட் குழல் விளக்கு மேசைமீது தரும் வெளிச்சத்தை ஏறக்குறைய 18 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடும். நூறு விளக்குகள் நாள்தோறும் ஆறு மணி நேரம் எரியின், ஏறத்தாழ 11 யூனிட் மின்சாரம் மிஞ்சும். ஆயுளும் மிகுதி, பாதரசமும் இல்லை. ஆயினும், வாங்கும்போது கைப்பணம் வேண்டும். எப்போதோ எரியும் பொருளறையில் போட்ட முதல் திரும்ப நெடுநாளாகும். ஆகவே, நாளெல்லாம் எரியும் வகுப்பறைகளில் முதலில் மாற்றுவோம் என்பதே எமது கருத்து.

மாணவச் செல்வங்களே! சன்னலைத் திறந்து கதிரொளியை வரவேற்பீர்; வெளியேறுமுன் விளக்கை அணைப்பீர். மிஞ்சும் வெள்ளி நம் நூலகத்திற்கு நூல்களாய் வரட்டும்!