பாக்குரலும் குளிசையும்

பருத்தித்துறை வடையைக் கடிக்கிற பல்லு எங்கட அம்மம்மாவுக்கு இப்ப இல்லை. வெத்திலை, பாக்கு எல்லாம் பாக்குரலில் இடிபட்டுத்தான் வாய்க்குப் போகும். குளிசையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் காலை, பிரஷர் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை சுத்தி, கிணத்தடியில் இருந்துவிட்டா. "இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்லை" என்று அதை நிப்பாட்டியும்விட்டா.

அது நிபெடிபின், மெல்ல மெல்லக் கரைகிற வகை. 12 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்க வேண்டியது. இடித்தால் முழுவதும் ஒரேயடியாக இறங்கும், பிரஷர் சட்டென்று விழும். மருந்தில் பிழையில்லை. ஆனால் மட்டையில் இருந்தது 'எஸ்ஆர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்து. போட்டுத்தந்த கடதாசிப் பையில் இருந்தது காலை, இரவு மட்டும்.

மருந்து எதால் ஆனது என்பது பாதிக் கதைதான். எந்த வழியால், எவ்வளவு வேகத்தில் உள்ளே போகிறது என்பது மிச்சப் பாதி. இன்சுலின் ஒரு புரதம், குடித்தால் இறைச்சியைப்போலச் செமித்துவிடும். அதனால்தான் 1922இல் முதல் நோயாளிக்குக் கொடுத்ததிலிருந்து ஊசி. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையை விழுங்கினால், இரத்தத்தில் சேர முதலே ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். தொய்வுக்காரர் பம்பை அமத்துகிற நேரமும் மூச்சை இழுக்கிற நேரமும் ஒத்துவராவிட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். 2021இல் பைசர் ஊசி போட்ட எங்கள் வயசுக்காரரின் கையில் இறங்கியது நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் பொதிந்த மருந்து. விஞ்ஞானம் அவ்வளவு தூரம் போய்விட்டது. மட்டைக்கும் வாய்க்கும் இடையிலுள்ள ஒரு சாண் தூரத்தில்தான் எங்கட ஆக்கள் விழுகினம்.

கலைப்பீடக்காரருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். உடற்கூற்றியல், பிரசவம், அறுவைச் சிகிச்சை நூல்களைத் தமிழாக்கியவர். (மதம் பரப்பவும் வந்தவர்தான், அது வேற கதை.) அந்த மண்ணில் "இடிக்க வேண்டாம்" என்று இரண்டு சொல் பையில் குத்த ஒரு றப்பர் முத்திரை போதாதா? 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதானே.

மருந்து கொடுக்கிறவர்களின் கஷ்டம் விளங்குகிறது. நீண்ட வரிசை, ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம்கூட இல்லை. அதனால்தான் வாயால் சொல்வதை நம்பியிருக்காமல் அச்சடிக்கச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பைப் பாடமாகப் படிக்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கினம், மருத்துவ பீட நண்பர்களும் இருக்கினம். ஒரே ஒரு வேண்டுகோள்: 'நீடித்த வெளியீட்டு வாய்வழி மாத்திரை' என்று எழுதிவிடாதேங்கோ. அம்மம்மா அதையும் பாக்குரலில் போடுவா.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, குளிசையைத் திரும்பத் தொடங்கியாச்சு. பையில் சிவப்புப் பேனையால் கொட்டை எழுத்தில் 'இடிக்காதேங்கோ' என்று எழிதி வைத்தோம். வாசித்துவிட்டு, கொலஸ்ட்ரோல் குளிசை மட்டையை எடுத்து நீட்டினா.

"அப்ப இதை இடிக்கலாமோ?"