பாதியில் நிற்கும் பேச்சு

கணவன் மனைவி சண்டை போட்டால் சமாதானம் பேச நாலு பேர் வருவார்கள். கைபேசியால் விழும் விரிசலுக்கு யாரும் வருவதில்லை; பல வீடுகளில் அதற்காகச் சண்டையே நடப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது மனைவி தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். கணவனின் கட்டைவிரல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாய் "ம்" கொட்டும். மீதியை அவள் விழுங்கிவிட்டு, மறுநாள் தங்கையிடம் சொல்லிக்கொள்வாள். பல வீடுகளில் இது அப்படியே தலைகீழாகவும் நடக்கிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸும் மெரிடித் டேவிட்டும் 453 பேரிடம் கேட்டு, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 46 சதவீதம் பேர் தங்கள் துணை போனைப் பார்த்துக்கொண்டு தங்களை உதாசீனப்படுத்துவதாகச் சொன்னார்கள். அதனால் சண்டை வருகிறது என்றவர்கள் சுமார் 23 சதவீதம்தான். மற்றவர்கள் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறார்களோ என்பதுதான் என் பயம். போனைப் பார்க்க வேலை விஷயம் என்று சொல்லும் காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழு ஓயாத காலம் இது. ஆனால் "ஆபீஸ்ல கேக்கிறாங்க, ரெண்டு நிமிஷம், நீ சொல்லு, கேக்கிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு போனை எடுப்பது வேறு, பேச்சின் நடுவே சத்தமில்லாமல் திரைக்குள் போய்விடுவது வேறு. முதலாவதில் எதிரே இருப்பவருக்கு மரியாதை மிஞ்சுகிறது. சாப்பிடுகிற அந்த அரை மணி நேரமாவது இரண்டு போனும் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளைகளுக்குப் போடுகிற இந்தச் சட்டம் முதலில் பெற்றவர்களுக்குத்தான் வேண்டும்.