குழந்தையின் குடலும் தேசத்தின் கடமையும்

ஒரு தேசத்தின் செல்வம் யாது என்று வினவினால், பொக்கிஷத்திலுள்ள பொன் என்பர் சிலர். ஆலைகளும் ரயில் பாதைகளும் என்பர் சிலர். வயலில் விளையும் நெல்லே என்பர் வேறு சிலர். இவை யாவும் செல்வமே. ஆயினும் இவற்றை நாளை ஏற்று நடத்த வேண்டிய குழந்தைகள் உடல் குறுகி வளர்வராயின், மற்றச் செல்வங்களால் விளையும் பயன் என்ன? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நமது நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்ட ஒரு தேசம் இதைக் கேட்டு வாளாவிருத்தல் தகுமா?

குழந்தைகளின் இந்நிலைக்குக் காரணம் வறுமையும் அரைவயிற்றுக் கஞ்சியுமே என்று மேடைதோறும் பிரசங்கம் செய்யப்படுகிறது. அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. வயிற்றுக்குள் சென்ற உணவும் உடலில் ஒட்டாமற்போவது ஏன் என்னும் கேள்வியே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருப்பவை. கிருமி என்றாலே பகை என்று கருதுவது நமது வழக்கம். ஆனால் நம்மால் செரிக்கவியலாத நார்ப்பொருளை இவை புளிக்கச் செய்து, பியூட்ரேட் முதலிய அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்குப் பியூட்ரேட்டே முக்கிய ஆகாரம். உடலின் காவற்படை காரணமின்றிச் சினங்கொண்டு எழாதவாறு அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. தாய்ப்பாலிலே குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவை பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்லுயிர்களுக்கு உணவாகின்றன. தாய் தன் மகவுக்கு மட்டுமன்றி, அம்மகவின் குடலில் வந்து குடியேறும் நண்பர்களுக்கும் சேர்த்தே பால் சுரக்கிறாள்!

இந்த ஒழுங்கைக் குலைப்பது அசுத்தம். சாக்கடை கலந்த குடிநீரும், மலம் கலந்த மண்ணும், ஈ மொய்த்த உணவும் நாள்தோறும் தீய கிருமிகளைக் குழந்தையின் குடலுக்குள் செலுத்துகின்றன. பேதி கண்டால் தாய் அறிவாள், வைத்தியரை நாடுவாள். ஆனால் பேதியின்றியே குடற்சுவர் அழற்சியுற்றுக் கிடக்கக்கூடும் என்பதே கவனிக்கத்தக்கது. சிறுகுடலில் உணவை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து குறுகுகின்றன. ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான குடலின் வேலி கசியத் தொடங்குகிறது. கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்திற் கலக்கின்றன. காவற்படை விழித்தெழுகிறது, குடலில் தொடங்கிய அழற்சி உடலெங்கும் பரவுகிறது. பசி மந்தமாகிறது, வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பு குறைகிறது, எலும்புக்கும் மூளைக்கும் செல்லவேண்டிய சத்து ஓயாத இந்த உள்நாட்டுப் போருக்குச் செலவாகிவிடுகிறது.

இஃது இன்று புதிதாகக் கண்ட செய்தியன்று. நமது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் ஆகிய நிபுணர்கள் இக்குடற்கேட்டைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1972-லேயே விரிவாக எழுதினர். உஷ்ணப் பிரதேசத்து மக்களின் குடலே பிறவியில் அப்படித்தான் என்று கூறுவோருக்கும் தக்க விடை கிடைத்திருக்கிறது. 1960-களில் அந்நாளைய பாகிஸ்தானில் பணிபுரிய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலிலும் இதே மாறுதல் காணப்பட்டது. அவர்கள் தாயகம் திரும்பிய பின் குடல் சீரடைந்தது. நியூயார்க் நகரில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர் குடலும் நாளடைவில் அவ்வாறே தேறியது என்று 1971-இல் அறிவித்தார்கள். ஆகவே குற்றம் இனத்திலில்லை, இடத்திலிருக்கிறது. இடத்தைச் சீர்திருத்துவது மனிதன் கையிலிருக்கிறது.

குடலில் குடியிருக்கும் உயிர்களுக்கும் குழந்தையின் மெலிவுக்கும் உள்ள தொடர்பை, 2013-இல் வெளியான மலாவி நாட்டு ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. 317 இரட்டைக் குழந்தை ஜோடிகளை அங்கே மூன்று வயது வரை கவனித்தனர். ஒரே வீட்டில் வளர்ந்தும், சில ஜோடிகளில் ஒரு குழந்தைக்குக் குவாஷியோர்க்கர் என்னும் ஊட்டக்குறை நோய் கண்டது, மற்றது நலமாயிருந்தது. அத்தகைய ஜோடிகள் சிலவற்றின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்று வளர்ந்த எலிகளிடத்தே செலுத்தி, மலாவி மக்களின் உணவையே அவற்றுக்கு அளித்தார்கள். நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளே பெரிதும் மெலிந்தன. உணவு ஒன்றே, குடியிருப்போர் வேறு, பயனும் வேறாயிற்று.

இனி, பரிகாரம் யாது? டாக்கா நகரத்து மிர்ப்பூர்ச் சேரியில் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா இவற்றின் மாவும் வாழைக்காயும் சேர்த்து, நல்ல நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கென்றே ஓர் உணவு தயாரித்தனர். மெலிந்த குழந்தைகளுக்கு மூன்று மாதம் அதை ஊட்டினர். வழக்கமாக அளிக்கப்படும் சத்துணவை விடக் கலோரி குறைவாயிருந்தும், இதை உண்ட குழந்தைகளே வேகமாகத் தேறினர். நமது கடைவீதியில் கிடைக்காத பொருள் இதில் ஒன்றேனும் உண்டோ? 1975 முதல் நடைபெற்றுவரும் அங்கன்வாடி முறை நம்மிடம் இருக்கிறது. அங்கே வழங்கும் மாவு எடையை மட்டும் நோக்கி அமைவது போதாது. குடலுயிர்களையும் கருதி அமைய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

ஆனால் உணவு மட்டும் போதுமா? எரியும் வீட்டிற்குள் நெல்மூட்டைகளை அடுக்குவதால் யாருக்கு லாபம்? 2014 முதல் கோடிக்கணக்கான கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019 அக்டோபர் 2-இல் நாட்டின் கிராமங்கள் திறந்தவெளி மலங்கழிப்பினின்று விடுபட்டன என்று பிரகடனமும் செய்யப்பட்டது. இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அத்துடன் காரியம் முடிந்துவிட்டதென்று திருப்தியுறுவதை நாம் ஒப்பவில்லை. வங்காள தேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீட்டுக் கழிப்பறையும் கை கழுவுதலும் புகுத்திச் செய்த பெருஞ்சோதனைகளின் முடிவுகள் 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்தன. அம்முயற்சிகளால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. இதனாற் கழிப்பறை வீண் என்று வாதிப்பது பேதைமை. அரைகுறைச் சுத்தம் போதாது. கிருமியின் வழி முற்றிலும் அடைபட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். குழியில் சேர்ந்த மலம் ஏரியிலும் ஆற்றிலும் கொட்டப்படுமாயின், ஊருக்குக் கழிப்பறை இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

தடுப்பு மருந்தின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. நமது நாட்டிலேயே உருவான ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து, பரிசோதனையில் முதலாண்டில் நூற்றுக்கு 56 அளவே கடும்பேதியைத் தடுத்தது. செல்வ நாடுகளில் இவ்வகை மருந்துகள் இதைவிட மிகுதியாகப் பயன் தருகின்றன. இவ்வேற்றுமைக்கு அழற்சியுற்ற குடலும் ஒரு காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆயினும் அம்மருந்து உயிர் காப்பதே. குழந்தைக்குத் தவறாமல் கொடுக்க வேண்டியதே.

இதற்கிடையே, நல்ல பாக்டீரியா என்று சொல்லி மாத்திரைகளையும் பொடிகளையும் விற்கும் வியாபாரம் செழித்து வருகிறது. சில நோய்களுக்குச் சில வகைகள் வைத்தியர் மேற்பார்வையில் பயன்படலாம். ஆனால் சாக்கடை நீரைக் குடிக்கும் குழந்தைக்கு மாத்திரை எங்ஙனம் காவலாகும்? சாதாரண ஜலதோஷத்திற்கும் ஆண்டிபயாடிக் மருந்தைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கமும் கண்டிக்கத்தக்கது. அம்மருந்து பகைவரோடு குடலிலுள்ள நண்பர்களையும் சேர்த்து அழிக்கிறது.

பொதுநல ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாயத்துக் கூட்டத்திலும் முனிசிபாலிட்டியிலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நமது ஊர்க் குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்கிறதா? கழிவு லாரி தன் சுமையை எங்கே கொட்டுகிறது? அங்கன்வாடிக் குழந்தை பருப்பும் கடலையும் பழமும் உண்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை பெறாமல் அவையை விட்டு எழாதீர்கள். சர்க்காரும் பாதாளச் சாக்கடைக்கும் தூய நீருக்கும் ஆகும் செலவைத் தர்மச் செலவு என்று கருதாமல், ராணுவச் செலவைப் போல் தேசப் பாதுகாப்புச் செலவாகவே கருத வேண்டும். எல்லைக்கு அப்பாலிருக்கும் பகைவனைக் காண நமக்குக் கண்ணிருக்கிறது. தேசத்தின் குழந்தையை உள்ளிருந்தே எரிக்கும் இத்தீயைக் காண மறுப்போமாயின், நாம் பெற்ற சுதந்திரத்தைத் தாங்கத் தக்க தோள்கள் நாளை எங்கிருந்து வரும்?