ஒரு நாளைக்கு எத்தனை மீன்?

மகாவலிக் கரையில் தூண்டில் போடுறவங்கள்ல இப்ப ரெண்டு வகை. மண்புழுவும் நைலோன் நூலும் வச்சுக்கிட்டு, கெட்டம்பேயிலோ கன்னொறுவையிலோ அந்திக்கு உட்கார்ந்து, கறிக்கு ரெண்டு மூணு மீனோட வீட்டுக்குப் போறவங்க ஒரு வகை. மற்றது, விலை கூடின ரொட், ரீல் எல்லாம் வாங்கி, விக்டோரியா வரைக்கும் பைக்கில் போய், பிடிச்சதை வரிசையா அடுக்கி போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுறவங்க. அந்த போட்டோவுல இருக்கிற மீன்களை எண்ணிப் பார்த்திருக்கீங்களா? எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

பொழுதுபோக்காக ஆற்றில் மீன் பிடிப்பவருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அரசு ஒரு எண்ணிக்கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லா மீனுக்கும் அல்ல. திலாப்பியாவை எவ்வளவு வேணும்னாலும் பிடிங்க. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது, வேகமாகப் பெருகும். கவலை லேஹெல்லாவையும் கடயாவையும் பற்றித்தான். (தமிழில் இதுகளுக்கு யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. சிங்களப் பெயர்தான் நம்ம வாயிலும்.) லேஹெல்லா, வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் தேடி அலையும் மஹசீர் இனம். மெதுவாக வளரும், பெருக நாளெடுக்கும். போட்டோவுக்குத் தூக்கிப் பிடிக்கிற பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன். கடயாவோ மகாவலிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் ஆழமான தண்ணீர் அதுக்கு வேணும். அதில் எவ்வளவோ அணைக்கட்டுகளால் ஏற்கனவே போய்விட்டது.

1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு போடுவதையும் தடுக்கிறது. வலைக் கண்ணின் அளவுக்கும் விதி இருக்கிறது. ஆனால் கரையில் தூண்டிலோடு நிற்பவரிடம் "எத்தனை பிடிச்சீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. வேடிக்கை என்னன்னா, இதே மலைநாட்டில் 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியாவுக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து, அதுக்காகவே கழகம் அமைத்து, அனுமதிப்பத்திரமும் வைத்தார்கள். வந்த மீனுக்கு அவ்வளவு மரியாதை!

இங்கிலாந்தில் ஆற்றில் தூண்டில் போடுபவர் ஒரு நாளைக்கு 20 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சிறு மீன் 15 வரைதான் எடுக்கலாம். பைக் மீன் என்றால் ஒன்றே ஒன்று, அதுவும் 65 சென்ரிமீற்றருக்குள். அதாவது பெரியதைத் திருப்பி விடணும். எனக்குப் பிடிச்சது அந்தப் பகுதிதான். சின்னதை விட்டுட்டு பெரிசை எடு என்ற நம்ம வழக்கத்துக்கு அது நேர் எதிர்.

அரசு கை வைக்காமல் இருந்தாலே மீன் பிழைக்கும் என்பவர்களுக்கு 1990ஐ ஞாபகப்படுத்தணும். அந்த வருஷம் உள்நாட்டு மீன்பிடிக்குத் தந்த ஆதரவை அரசு நிறுத்தியது. 1994 வரை குஞ்சு விடவும் இல்லை, கண்காணிக்கவும் இல்லை. மீன் பிடிக்கிறது நின்றதா? இல்லை, சின்னக் கண் வலைகள்தான் கூடின.

மணல் அகழ்வும், மெத எல வழியாக வரும் நகரத்துக் கழிவும் தூண்டிலை விடப் பெரிய கேடு, ஒத்துக்கிறேன். அதுக்காக இதை விட்டுவிடவா? என் பயம் வேறு. சட்டம் வந்தால் பொலிஸ் முதலில் பிடிக்கப்போவது ரீல்காரரை அல்ல, நைலோன் நூல்காரரைத்தான். அதனால் கட்டணம், அனுமதிப்பத்திரம் எதுவும் வேண்டாம். லேஹெல்லா ஒன்று, அதுவும் இந்த அளவுக்குள். கடயா பட்டால் உடனே தண்ணீரில் விடணும். திலாப்பியாவுக்குக் கணக்கே இல்லை. இவ்வளவும் ஒரு பலகையில் அடங்கும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அதை பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் நடட்டும். மீனின் படத்தோடு, சிங்களத்திலும் தமிழிலும்.