கூடுதல் பங்கு



நன்மை தீமை அறியும் உணர்வு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே அமைந்ததா? பெற்றோர் ஊட்டியதா? பழமையான இவ்வினாவிற்கு அண்மைக் கால ஆய்வுகள் இரண்டு ஓரளவு ஒளி தருகின்றன.

2003-ஆம் ஆண்டில் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்னும் இருவர் அமெரிக்காவில் கப்புச்சின் குரங்குகளைச் சோதித்தனர். கையிலுள்ள சிறு கல்லைத் திருப்பித் தந்தால் வெள்ளரித்துண்டு கூலி. மகிழ்ந்து உண்டுவந்த குரங்கு, அதே வேலைக்கு அடுத்த குரங்கு திராட்சை பெறக் கண்டதும், பல வேளைகளில் வெள்ளரியை ஏற்க மறுத்தது!

2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 4 முதல் 15 வயது வரையான சிறுவர்களிடம் நடத்தப்பெற்றது. இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவருக்கு நான்கு இனிப்பு, மற்றவருக்கு ஒன்று. ஏற்பதா, மறுப்பதா என ஒருவர் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தனக்குக் குறைந்தபோது மறுக்கும் இயல்பு ஏழு நாடுகளிலும் காணப்பட்டது. தனக்கு மிகுந்தபோதும் மறுக்கும் இயல்போ கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே காணப்பட்டது. அங்கும் சற்று வளர்ந்த பிள்ளைகளிடமே.

இதிலிருந்து நாம் உணர்வது யாது? 'எனக்குக் குறைந்துவிட்டதே' என்னும் குமுறலை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 'எனக்கு மிகுந்துவிட்டதே' என்னும் கூச்சமோ வளர்ப்பினாலும் சூழலினாலும் முதிர வேண்டிய பண்பு. இறைவன் மனச்சான்றை விதையாகத் தந்தார். நீர் வார்ப்பது நம் கடமை.

தாவீது அரசரை நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையை நாத்தான் கூறியபோது அவர் சினத்தால் கொதித்தார். பிறன் செய்த அநீதி பளிச்செனத் தெரிந்தது. அந்தச் செல்வன் தாமே என்பதை இறைவாக்கினர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது!

நம் இல்லங்களுக்கு வருவோம். மகனுக்கு மீன் துண்டு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பது எத்தனை வீடுகளில் எழுதாச் சட்டம்! மகள் முகம் வாடினால், பொறுத்துக்கொள்ளக் கற்பிக்கிறோம். இரண்டு பெற்ற மகனிடம் எதையேனும் கற்பிக்கிறோமா? கூடுதல் பங்கு தன் உரிமை என்றே எண்ணி வளர்பவன், நாளை தன் மனைவியிடமும் தன்னிடம் வேலை செய்பவரிடமும் எவ்வாறு நடந்துகொள்வான்?

பெற்றோரே! நீண்ட அறிவுரை வேண்டாம். இன்றிரவு பரிமாறும் கரண்டியை மகன் கையில் கொடுங்கள். எல்லோருக்கும் இட்டபின் எஞ்சியதைத் தன் தட்டில் இட்டுக்கொள்ளட்டும்.