ஏட்டில் செத்தது மேசையில் வாழலாமா?

தோழனே! நாமக்கல் லாரி உரிமையாளர் ஒருவர், இந்து, உயில் எழுதினார் என்று வைத்துக்கொள். மோகனூர்க் காவிரிக்கரைத் தோட்டம் மகனுக்கு. சென்னை மண்ணடி வீடு, கணவனை இழந்த மகளுக்கு. ஒரே தாள், ஒரே கையொப்பம், சாட்சிகளும் அதே இருவர்!

மகனுக்கு அந்தத் தாளே போதும். மகளிடமோ, "நீதிமன்றப் படியேறி 'புரொபேட்' பெற்று வா, அதுவரை உன் உரிமை எந்த நீதிமன்றத்திலும் செல்லாது" என்றது சட்டம்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? சென்னையிலே மட்டுந்தான் பொய் உயில் பிறக்குமோ? சேலத்திலே பிறக்காதோ?

காரணம் நீதியன்று, தோழனே, பழைய எல்லைக்கோடு! 1870-இல் வங்கத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் வெள்ளையர் இந்து உயில் சட்டம் செய்தனர். அவர்கள் கிழித்த கோடு, 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவிலே குடியேறிற்று. 1947-இல் கொடி மாறிற்று, கோடு மாறவில்லை! இசுலாமியர்க்கு அக்கட்டாயம் இருந்ததில்லை; இந்தியக் கிறித்தவர்க்கு 2002-இல் நீங்கிற்று. மற்றவர்க்கு? 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அப்பிரிவை அகற்றிற்று.

"பொய் உயிலை யார் தடுப்பார்?" என்பர் சிலர். ஐயம் எழுந்தால் வழக்குத் தொடுக்கட்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யட்டும்! ஐயமே எழாத வீட்டுக்குத் தண்டனை எதற்கு?

மகிழ்வோம்; மயங்கோம்! ஏட்டில் செத்த விதி எழுத்தர் மேசையிலே உயிர்த்தெழக்கூடும். "புரொபேட் கட்டாயம்" என்று எவரேனும் இன்றும் சொன்னால், பணிவோடு, ஆனால் பணியாமல் கேள்: "ஐயா, எந்தப் பிரிவின்படி?"