‘ஜானர்’ என்னும் சொல்லும் பிறப்புப் பித்தும்

இக்காலத்திலே நம்மவருட் கலையைப் பற்றிப் பேசப் புகுவோர், ஒரு படத்தையோ கதையையோ கண்டதும், “இஃது எந்த ஜானர்?” என்று வினவுவதைப் பெருமையாகக் கருதுகின்றனர். அது பிரெஞ்சுச் சொல்லாம். ஆங்கிலத்தின் வழியாக வந்ததாம். அதற்கு ஈடான சொல் தமிழில் இல்லையாம். பண்டிதர் சிலரோ, அச்சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தமிழ் கெட்டொழிந்ததென்று அலறுகின்றனர். இவ்விரு திறத்தாரும் அச்சொல்லின் வரலாற்றை அறிந்தாரில்லை.

கிரேக்க மொழியிற் ‘கெனோஸ்’ என்றும், இலத்தீனிற் ‘கெனுஸ்’ என்றும் வழங்கிய சொற்களுக்குப் பிறப்பு, குலம், இனம் என்பன பொருள். இலத்தீன் சொல் பிரெஞ்சிலே ‘ழான்ர்’ ஆயிற்று. கிரேக்கச் சொல்லோ சிரியாக் மொழி வழியே அரபியிற் புகுந்து ‘ஜின்ஸ்’ ஆயிற்று. அந்த ஜின்ஸ்தான் பாரசீகமும் இந்துஸ்தானியும் கடந்து தமிழகம் வந்து ‘தினுசு’ எனத் தமிழுடை பூண்டது. மலாயிலே ‘ஜெனிஸ்’ என நிலைத்தது. சுங்கை லாலாங் கடைத்தெருவிலே “எத்தனை தினுசு உண்டு?” என்று கேட்கும் நம் தாய்மாரும், ஜெனிஸ் எண்ணிக் காட்டும் மலாய் வணிகரும் ஒரே சொல்லைத்தான் ஆளுகின்றனர். படித்தவர் புதிதெனக் கொணர்ந்தது, பாமரர் வாயில் நெடுங்காலமாகப் புழங்கிய சரக்கே!

சொற்கடனால் எம்மொழியும் அழிந்ததில்லை. நமது வழக்கு வேறு. வடமொழி ‘ஜாதி’யும் பிறப்பைக் குறிக்கும் அதே வேரிற் கிளைத்ததே என்பது மொழியறிஞர் முடிபு. ஆளைப் பிறப்பால் அளந்த புத்தி, பாட்டையும் பாடுவோன் பிறப்பைக் கொண்டே அளக்கின்றது. சபையிற் பாடினால் சங்கீதம். பால் வெட்டும் பெண் பாடினால் வெறுங் கூச்சல்! தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வத்தோடும் யாழோடும் பறையையும் சேர்த்து எண்ணிற்று. அந்தப் பறைக்கு இழிவென்னும் முத்திரை குத்தியது யார்? தோலா? ஓசையா? பிறப்புப் பித்தன்றோ!

தோழர்களே! நம் ‘வகை’ என்னும் சொல்லை நோக்குங்கள். அது வகுத்தலிற் பிறந்தது. மனிதன் வகுத்ததை மனிதனே மாற்றி வகுக்கலாம். செய்யுளின் வனப்பு எட்டெனக் கூறிய தொல்காப்பியர், புதிதாகத் தோன்றும் யாப்பிற்கு ‘விருந்து’ எனப் பெயரிட்டு அவற்றுள் இடமளித்தார். புதியதைக் குலம் கேளாது வரவேற்ற இலக்கண நூல் நம்முடையது.

லாலாங் புல் தோட்டக் கணக்கிலே களை. நம் ஊருக்கோ அதுவே பெயர். வகுப்பவன் நோக்கம் மாறின் வகையும் மாறும். ஆதலின் ஜானர் என்பீரோ, தினுசு என்பீரோ, அது உங்கள் விருப்பம். லயத்து வாசலிலே நம் பாட்டிமார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கலையின் பட்டியலில் எழுதாத எச்சொல்லும் நமக்கு அந்நியச் சொல்லே!